புள்ளி வைத்துத் தொடங்குங்கள்: தரம் 6, 7, 8 பிள்ளைகளோடு எண்கோலமும் இலக்கப் புதிரும்

ஏ.எல் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைமாருக்குத்தான் இதை முக்கியமாக எழுதுகிறேன். பின்னேரத்தில் பிள்ளையோடு அரை மணித்தியாலம் உட்கார நினைக்கும் அம்மா அப்பாமாரும் வாசிக்கலாம். நான் திருகோணமலை உப்புவெளியில், வீட்டு விறாந்தையில், தரம் 6 முதல் 8 வரையான பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமைப் பின்னேரம் மட்டும் பாடப்புத்தகத்தை மூடிவிடுவோம். அன்றைக்கு எண்ணோடு விளையாட்டு.

தேவையான சாமான் பெரிதாக ஒன்றுமில்லை. சதுரக் கட்டம் போட்ட கொப்பி, பென்சில், இரண்டு நிறப் பென்சில், ஒரு கிண்ணம் புளியங்கொட்டை. அழிறப்பரைப் பிள்ளையிடமிருந்து வாங்கி ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். பிழைத்த வரியின் மேல் ஒரு கோடு போட்டால் போதும். அந்த வரியைப் பிறகு தேடி வருவோம். கல்குலேற்றரும் வேண்டாம். இந்தப் புதிர்களில் வரும் கழித்தல்கள் நாலு இலக்கத்தைத் தாண்டாது, கடன் வாங்கிக் கழிக்கும் பயிற்சி சத்தமில்லாமல் நடந்துவிடும். தரம் 7 பிள்ளைக்கு ஐம்பது கழித்தல் கணக்குக் கொடுத்தால் முகத்தைச் சுளிக்கும். அதே ஐம்பதைப் புதிருக்குள் வைத்துக் கொடுங்கள், கேட்காமலே செய்யும்.

ஒரு நாளைக்கு ஒரு புதிர். நாலைந்து பிள்ளைகள் போதும். எண்ணைத் தெரிவது பிள்ளையாக இருக்க வேண்டும். நீங்கள் பலகையில் எழுதிய எண்ணில் வரும் அதிசயம் உங்கள் அதிசயம். தன் எண்ணில் வந்தால்தான் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

முதல் சனிக்கிழமை: கோலப்புள்ளி

நம் பாடப்புத்தகம் இந்த அலகுக்கு எண்கோலம் என்று பேர் வைத்திருக்கிறது. எனக்குப் பிடித்த பேர். அதனால் வாசலில் போடும் கோலத்திலிருந்தே தொடங்குவேன். நேர்ப்புள்ளி, ஏழு தொடங்கி ஒன்று வரை: நடுவில் 7 புள்ளி, அதற்கு மேலும் கீழும் 5, பிறகு 3, பிறகு 1. கொப்பியில் வைக்கச் சொல்லுங்கள். மொத்தம் எத்தனை புள்ளி?

ஒரு பிள்ளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணும். இன்னொன்று 7 + 5 + 5 + 3 + 3 + 1 + 1 என்று கூட்டும். இரண்டுக்கும் 25 வரும். இப்போது கொப்பியைச் சரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். சாய்வாகப் பார்த்தால் வரிசைகள் 4, 3, 4, 3, 4, 3, 4 என்று போகும். நான்கு உள்ள வரிசைகளுக்கு ஒரு நிறம், மூன்று உள்ளவற்றுக்கு இன்னொரு நிறம் தீட்டினால் 4 × 4 சதுரம் ஒன்றும் 3 × 3 சதுரம் ஒன்றும் பின்னிக்கொண்டு நிற்பது தெரியும். 16 + 9 = 25. ஐந்து புள்ளிக் கோலத்துக்கு 9 + 4 = 13. ஒன்பது புள்ளிக்கு 25 + 16 = 41. பதினொன்றுக்கு? புள்ளி வைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், பிறகு வைத்துப் பார்க்கட்டும். 61 வரும்.

அடுத்தது இடைப்புள்ளி. நடுவில் 7, இரு பக்கமும் 6, 5, 4. மொத்தம் 37. சின்னதிலிருந்து வரிசையாகப் போட்டால் 1, 7, 19, 37. இடைவெளிகள் 6, 12, 18. இதுவரை எல்லாப் பிள்ளைக்கும் வரும். இந்த எண்களை ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டே போகச் சொன்னால்தான் விறாந்தை அமைதியாகும்: 1, 8, 27, 64.

முதன்முறை இதைச் செய்தபோது ஒரு பெடியன், “டீச்சர், இது கனம் எல்லோ? கோலத்துக்குள்ள எப்பிடிப் பெட்டி வந்தது?” என்று கேட்டான். நல்ல கேள்வி. 8 என்பது 2 × 2 × 2, 27 என்பது 3 × 3 × 3, பெட்டியாக அடுக்கக்கூடிய கன எண்கள். விடையைச் சொல்லிவிடாமல் ரூபிக் கியூப் ஒன்றை எடுத்து, ஒரு மூலை உங்கள் மூக்கைப் பார்க்கும்படி பிடியுங்கள். மூன்று முகங்கள் தெரியும், வெளிக்கோடு அறுகோணம் போல இருக்கும். அப்படிப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் சின்னப் பெட்டிகள் எத்தனை? 19. மறைந்திருப்பவை 8. மொத்தம் 27. பெரிய பெட்டியின் மேல்தோலை உரித்தால் உள்ளே அடுத்த சின்னப் பெட்டி. உரித்த தோல்தான் நம் கோலம். இந்த ஒன்றுக்கு ஒரு முழுப் பின்னேரம் போனாலும் பரவாயில்லை. 37 என்ற எண்ணைக் கொப்பியின் மூலையில் வட்டம் போட்டு வைக்கச் சொல்லுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டாம் கிழமை: ஒன்பது பேருக்குப் பங்கு

இலக்கப் புதிர்களில் முக்கால்வாசி ஒன்பதில் போய் நிற்கும். காரணம், நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம், பத்துக்கும் ஒன்றுக்கும் இடைவெளி ஒன்பது. இதை இப்படியே சொன்னால் பிள்ளை தலையாட்டும், உள்ளே போகாது.

ஈரிலக்க எண் ஒன்றைத் தெரியட்டும். 82. திருப்பிப் போட்டால் 28. கழித்தால் 54. பக்கத்துப் பிள்ளைக்கு 71 − 17 = 54, அதற்குப் பக்கத்தில் 63 − 36 = 27. எல்லாம் ஒன்பதின் மடங்கு. ஏன் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். புதிதாகச் சொல்லிக்கொடுக்க வருகிறவர்களுக்கு மிகவும் கஷ்டமான வேலை இதுதான். எனக்கு இன்னும் பதினாலு, பதினைந்திலேயே வாய் உன்னும். பிள்ளை இடப்பெறுமானம் பக்கம் திரும்பாவிட்டால் புளியங்கொட்டையை நகர்த்துங்கள்: 82இல் 8 பத்து இருந்தது, திருப்பினதும் அந்த 8 வெறும் 8 ஒன்றாக இறங்கிவிட்டது. 8 பத்தில் 8 போனால் மிச்சம் 8 ஒன்பது. மற்றப் பக்கம் 2 ஒன்று 2 பத்தாக ஏறிவிட்டது, அதனால் 2 ஒன்பது குறையும். 6 ஒன்பது, 54.

அடுத்து, இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் வகுபடுமா என்று பார்க்கும் வழி. இலக்கச் சுட்டி என்று பாடத்தில் படித்திருப்பார்கள். ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால் “சேர் சொன்னவர்” என்பார்கள். காசை எடுங்கள். கரைவலை இழுத்த ஒன்பது பேர், பிரிக்க வேண்டியது 347 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பங்கை விட்டுவிடுவோம், அந்தக் கணக்கு தரம் 8க்கும் கஷ்டம்.) ஒவ்வொரு நூறு ரூபாயையும் பிரித்தால் ஆளுக்கு 11, மிச்சம் 1. ஒவ்வொரு பத்து ரூபாயிலும் ஆளுக்கு 1, மிச்சம் 1. ஆக மூன்று நூறில் 3, நாலு பத்தில் 4, சில்லறை 7. மிச்சம் 3 + 4 + 7 = 14. அதையும் பிரித்தால் ஆளுக்கு 1, மிச்சம் 5. 347ஐ ஒன்பதால் வகுத்தால் மீதி 5. இலக்கங்களைக் கூட்டுவது மிச்சத்தை மட்டும் பொறுக்குகிற வேலை என்பது அப்போது தெரியும்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, “ஏழு பேர் எண்டால்?” என்று கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். நூறில் மிச்சம் 2, பத்தில் மிச்சம் 3, ஒன்றில் 1. 347க்கு 3 × 2 + 4 × 3 + 7 = 25, அதில் ஏழுகளை எடுத்தால் மீதி 4. ஏழுக்கு ஏன் இலகுவான வழி சொல்லித் தரவில்லை என்று பிள்ளைகள் தாங்களே விளங்கிக்கொள்வார்கள்.

1089: எனக்கு மூக்குடைந்த புதிர்

மூவிலக்க எண் ஒன்று. முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் வேறாக இருக்க வேண்டும். திருப்பிப் போட்டுப் பெரியதிலிருந்து சின்னதைக் கழியுங்கள். வந்த விடையைத் திருப்பிப் போட்டுக் கூட்டுங்கள். 742 − 247 = 495; 495 + 594 = 1089. எந்த எண்ணில் தொடங்கினாலும் 1089. முன்கூட்டியே துண்டில் எழுதி மடித்து ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டால் நல்ல நாடகம்.

நான் தொடங்கிய வருடம் இந்த நாடகத்தைப் போட்டேன். எல்லாரும் 1089 என்று கத்த, மூலையில் இருந்த ஒரு பிள்ளை மட்டும், “டீச்சர், எனக்கு 198 வந்திருக்கு” என்றாள். பிழை, திரும்பச் செய் என்றேன். செய்தாள். 198. இன்னொரு தரம் செய்யச் சொன்னேன். 198. நான் கொப்பியை எட்டிப் பார்க்கவே இல்லை. நேரம் போய்விட்டது, அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். இரவு சாப்பிடும்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் எடுத்த எண் 312. 312 − 213 = 99. திருப்பினாலும் 99. 99 + 99 = 198. அவள் செய்த ஒவ்வொரு வரியும் சரி. நூறின் இடத்தில் பூச்சியம் போட்டு 099 என்று எழுத வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை. 099 + 990 = 1089.

அடுத்த கிழமை அவளையே முன்னுக்குக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று மற்றவர்களுக்குச் சொல்லச் சொன்னேன். “நூறின்ர இடம் வெறுமையா இருந்தது. வெறுமையா இருந்தாலும் அது இடம்தானே டீச்சர்” என்றாள். இடப்பெறுமானத்தைப் பற்றி நான் அதுவரை சொன்ன எதையும்விட அந்த வசனம் திறம். இப்போதெல்லாம் வேண்டுமென்றே அந்த விதியைச் சொல்லாமல் விட்டு, யாருக்காவது 198 வரட்டும் என்று காத்திருப்பேன். யாருக்கு வந்தாலும், “நல்லது, பலகையில எழுது” என்பதுதான் என் பதில்.

காரணத்தையும் பிள்ளைகளே பிடிக்கலாம். முதல் கழித்தலில் வரக்கூடிய விடைகளை எல்லாம் பலகையில் சேருங்கள்: 099, 198, 297, 396, 495, 594, 693, 792, 891. நடுவில் எப்போதும் 9. இரண்டு ஓரங்களையும் கூட்டினாலும் 9. திருப்பிப் போட்டுக் கூட்டும்போது நூறிடத்தில் 9, பத்திடத்தில் 18, ஒன்றிடத்தில் 9. 900 + 180 + 9. முடிந்தது. போகிற போக்கில் 1089ஐ ஒன்பதால் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 9801. வீட்டுக்குப் போகும்வரை அதையே கதைத்துக்கொண்டு போவார்கள்.

அட்சரகணிதத்தை இந்த இடத்தில் கொண்டுவரலாம், அதற்கு முதல் வேண்டாம். வாயால் சொன்ன காரணத்தை 100அ + 10ஆ + இ என்று எழுதினால் எவ்வளவு சுருங்குகிறது என்று தரம் 8 பிள்ளை பார்க்கும்போதுதான் எழுத்தின் மேல் கோபம் குறையும்.

026இல் இருந்து 495க்கு

இனி, இலக்கங்களைத் திருப்புவதற்குப் பதிலாக அடுக்குங்கள். மூவிலக்க எண்ணை எடுத்து, அதன் இலக்கங்களால் ஆக்கக்கூடிய மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும். வந்த விடைக்கும் அதையே திரும்பச் செய்ய வேண்டும். மூன்று இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. நம் ஊர்த் தொலைபேசிக் குறியீடு 026. 620 − 026 = 594. 954 − 459 = 495. அடுத்ததும் 495. அதற்குமேல் நகராது.

இந்தப் புதிரை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன், ஏனென்றால் தரம் 7 பிள்ளையால் இதை முழுமையாக நிறுவ முடியும். முதல் கழித்தலில் நடு இலக்கம் விலகிவிடும், விடை 99இன் மடங்காகத்தான் வரும். அதாவது மேலே பலகையில் எழுதிய அதே ஒன்பது எண்கள். அவற்றை விறாந்தைத் தரையில் சோக்கட்டியால் எழுதி, எது எதற்குப் போகிறது என்று அம்புக்குறி கீறச் சொல்லுங்கள். 099இல் இருந்து 891, அதிலிருந்து 792, 693, 594, கடைசியில் 495. 198 போய் 792இல் சேரும், 297 போய் 693இல், 396 போய் 594இல். எல்லா வழியும் ஒரே கிணற்றில் விழுகிறது. கூடினால் ஆறு படி. “எல்லா மூவிலக்க எண்ணையும் செய்து பார்க்காமலே எல்லாத்துக்கும் சொல்லிட்டம்” என்று பிள்ளை சொல்லும்போது, நிறுவல் என்ற சொல்லை முதன்முறையாகச் சொல்லிக்கொடுங்கள்.

நாலு இலக்கத்துக்கு இதே வேலையைச் செய்தால் 6174இல் நிற்கும், ஏழு படிக்குமேல் போகாது. 1949இல் இதைக் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். கப்ரேக்கர் (1905–1986). பெரிய பட்டம் ஒன்றுமில்லாமல், பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டே எண்களோடு விளையாடியவர் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு நெருக்கமாக இருக்கும். பிறந்த வருடத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 2013 பிள்ளைக்கு மூன்றே படி: 3210 − 0123 = 3087, 8730 − 0378 = 8352, 8532 − 2358 = 6174. 2014 பிள்ளை பாவம், முழு ஏழும் ஏற வேண்டும்: 4086, 8172, 7443, 3996, 6264, 4176, 6174. ஒரு வருட வித்தியாசத்தில் அண்ணன் முந்திவிட்டான் என்று என் விறாந்தையில் சண்டையே வந்தது. இங்கேயும் அந்தப் பூச்சியப் பொறி உண்டு: 2111 எடுத்தால் முதல் விடை 999, அதை 0999 என்று எழுதாவிட்டால் ஆட்டம் அதிலேயே நின்றுவிடும்.

விகடகவி எண்கள்

விகடகவி என்ற சொல்லைத் திருப்பி வாசித்தாலும் விகடகவி. 363 அப்படியான எண். 57ஐத் திருப்பிக் கூட்டினால் 132, அதைத் திருப்பிக் கூட்டினால் 363. அநேகமான ஈரிலக்க எண்கள் ஒன்றிரண்டு படியில் விகடகவி ஆகிவிடும். ஆனால் 89ஐ எடுத்த பிள்ளை மாட்டிக்கொள்ளும்: 24 படி, கடைசியில் 8813200023188. (98 எடுத்தாலும் அதேதான்.) முதல் தடவை அந்தப் பிள்ளையைப் பாதியில் மறித்துவிடாதீர்கள், எங்கே போகிறது என்று பார்க்க அதற்கு ஆசை இருக்கும். 196இல் தொடங்கினால் எப்போதாவது விகடகவி வருமா என்பது இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. கணினிகள் கோடிக்கணக்கான இலக்கங்கள் வரை கூட்டிப் பார்த்தும் வரவில்லை. கணக்கில் விடை தெரியாத கேள்வியும் இருக்கிறது என்பதே சில பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி.

கன்னியாவும் மீதியும்

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகாத திருகோணமலைப் பிள்ளை இல்லை. ஏழு கிணறு. முதலாவதில் தொடங்கி வரிசையாகக் கிணற்றுக்கு ஒரு வாளி அள்ளிக்கொண்டு, ஏழாவதுக்குப் பிறகு திரும்ப முதலாவதுக்கு வந்தால் நூறாவது வாளி எந்தக் கிணற்றில்? 100ஐ ஏழால் வகுத்தால் மீதி 2. இரண்டாவது கிணறு. சுழலும் கோலம் எல்லாவற்றுக்கும் இதுவே வழி. 7, 49, 343, 2401 என்று ஏழை ஏழால் பெருக்கிக்கொண்டு போனால் கடைசி இலக்கம் 7, 9, 3, 1 என்று நாலில் சுற்றும். நூறு ஏழுகளைப் பெருக்கிய எண்ணின் கடைசி இலக்கம் 1 என்று தரம் 6 பிள்ளை அந்த எண்ணை எழுதாமலே சொல்லும்.

கோலம் பொய் சொல்லும் நாள்

இதைத் தவறவிடாதீர்கள். நாலைந்து கிழமை எல்லாக் கோலமும் ஒழுங்காகப் போனால், மூன்று எண் பார்த்ததும் நாலாவதைக் கத்துகிற பழக்கம் வந்துவிடும். பரீட்சையில் “அடுத்த உறுப்பு யாது” என்று கேட்பதும் அந்தப் பழக்கத்துக்குத் தீனி போடுகிறது.

வட்டம் ஒன்றைக் கீறி விளிம்பில் இரண்டு புள்ளி வைத்து இணைத்தால் 2 துண்டு. மூன்று புள்ளியையும் ஒன்றோடொன்று இணைத்தால் 4. நாலுக்கு 8. ஐந்துக்கு 16. ஆறுக்கு எத்தனை என்று கேட்டால் விறாந்தையே 32 என்று கத்தும். கீறி எண்ணச் சொல்லுங்கள். 31. திரும்ப எண்ணுவார்கள், உங்கள் மேல் சந்தேகப்படுவார்கள். முதலே நீங்கள் வீட்டில் கீறிப் பாருங்கள், ஏனென்றால் ஒரு சிக்கல் உண்டு: கவராயத்தால் ஆறு புள்ளியையும் சம தூரத்தில் வைத்தால் நடுவில் மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டி, ஒரு துண்டு குறைந்து 30 ஆகிவிடும். புள்ளிகளைக் கொஞ்சம் ஏறுக்குமாறாக வைக்க வேண்டும். வட்டமும் பெரிதாக, கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க இருக்கட்டும்.

கடைச் சாமானும் அடையாள அட்டையும்

வீட்டுக்குக் கொடுத்துவிடுகிற வேலை. பிஸ்கற் பைக்கற்றில், சவர்க்காரப் பெட்டியில் கோடுகளுக்குக் கீழே இருக்கும் 13 இலக்கங்களைக் கொப்பியில் எழுதி வரட்டும். பல எண்கள் 479இல் தொடங்கும். அது இலங்கைக்கு ஒதுக்கிய முன்னெண். இடமிருந்து 1ஆம், 3ஆம், 5ஆம் இலக்கங்களை அப்படியே கூட்டி, 2ஆம், 4ஆம், 6ஆம் இலக்கங்களை மூன்றால் பெருக்கிச் சேர்த்துக்கொண்டு போனால் மொத்தம் பத்தின் மடங்காக வர வேண்டும். நான் சும்மா உண்டாக்கிய 4791234567884ஐப் பாருங்கள்: 4 + 9 + 2 + 4 + 6 + 8 + 4 = 37. மற்றவை 7 + 1 + 3 + 5 + 7 + 8 = 31, மும்மடங்கு 93. மொத்தம் 130. கடைசி இலக்கம் வெறும் காவல்காரன், ஒரு இலக்கத்தைப் பிழையாக அடித்தால் காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றி அடித்தாலும் பெரும்பாலும் பிடித்துவிடும், 5 வித்தியாசமுள்ள இரண்டைத் தவிர. 1, 6 அல்லது 2, 7. ஏன் என்று பெரிய பிள்ளைகளிடம் கேளுங்கள்.

தேசிய அடையாள அட்டை எண்ணிலும் கோலம் உண்டு. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், புதிய 12 இலக்க எண்ணில் முதல் நாலு. அடுத்த மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரி 10 என்றால் ஆணுக்கு 041, பெண்ணுக்கு 541. ஆனால் பிள்ளைகளை வீட்டாரின் அட்டை எண்ணைக் கொப்பியில் எழுதிவரச் சொல்லாதீர்கள். எண்ணை நீங்களே உண்டாக்கிக் கொடுங்கள். ஒரு பிள்ளையின் கொப்பி ஊர் முழுக்கப் போகும்.

பிள்ளை புதிர் போடும் நாள்

ஏழெட்டுக் கிழமைக்குப் பிறகு அவர்களிடம் புதிர் கேளுங்கள். போன வருடம் வந்ததில் எனக்குப் பிடித்தது: “கோட்டைக்குள்ள நிக்கிற மான்களின்ர எண்ணிக்கை ஈரிலக்க எண். இலக்கங்களைக் கூட்டினால் 9. திருப்பிப் போட்டால் 27 குறையும். எத்தனை மான்?” 63. மான்களின் உண்மையான எண்ணிக்கையோடு இதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் இரண்டாம் கிழமை செய்த ஒன்பது அந்தப் பிள்ளைக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

எழுத்துப் புதிரும் போடலாம். ஒரே எழுத்துக்கு ஒரே இலக்கம், வேறு எழுத்துக்கு வேறு இலக்கம், முதல் எழுத்து பூச்சியமாகாது. கொம்பும் விசிறியும் உள்ள எழுத்துகளைத் தவிருங்கள்; கெ, கே இரண்டும் ஒன்றா வேறா என்று வழக்குத் தீர்க்கவே நேரம் போய்விடும். முதலாவதாக இதைக் கொடுங்கள்:

கக + பப = மகம

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பிள்ளை சும்மா எண்களைப் போட்டுப் பார்க்கும். ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு, “இரண்டு ஈரிலக்க எண்ணைக் கூட்டினால் ஆகக்கூடியது எவ்வளவு?” என்று மட்டும் கேளுங்கள். இருநூறைத் தொடாது. அப்படியானால் ம = 1. ஒன்றிடத்தைப் பார்த்தால் க + ப முடிவது 1இல். கூட்டுத்தொகை 1ஆக இருக்க முடியாது, ஆகவே 11. பத்திடத்திலும் அதே 11. 110 + 11 = 121. க = 2, ப = 9. 22 + 99.

இரண்டாவதை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்:

கல × 3 = மமம

இதற்கு இரண்டு விடை உண்டு. ஒன்றோடு வருகிற பிள்ளையிடம், “இன்னும் ஒன்று இருக்கு, போய்ப் பார்” என்று திருப்பி அனுப்புங்கள். ஒன்றும் வராமல் திண்டாடும் பிள்ளைக்கு, முதல் சனிக்கிழமை வைத்த புள்ளிக் கோலப் பக்கத்தைத் திறந்து, மூலையில் வட்டம் போட்ட எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.